எட்டாத உயரத்துக்கு நீளும் கம்பு: அளவெடுப்பதிலிருந்து கழுவி வைப்பது வரை

உயரத்தில் ஒரு பல்ப் போய்விட்டது. மாடிச் சன்னலின் வெளிப்பக்கம் அழுக்கேறிக் கிடக்கிறது. கூரைமேல் சாய்ந்த கிளையை வெட்டியாக வேண்டும். ஏணி போட இடமில்லை, இடமிருந்தாலும் ஏற மனசு வரவில்லை. பெரும்பாலானவர்கள் இப்படி ஒரு நிலையில்தான் டெலஸ்கோப்பிக் கம்பைத் தேட ஆரம்பிக்கிறார்கள். ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிய குழாய்கள்; இழுத்தால் நீளும், பூட்டினால் நிற்கும், நுனியில் வேண்டிய கருவியை மாட்டிக்கொள்ளலாம். பார்வைக்கு ரொம்ப எளிமையான பொருள். ஆனால் வாங்கப் போனால் எத்தனை அடி என்பதைத் தவிர வேறெதையும் யாரும் சொல்வதில்லை. நுனி ஆடுகிறது, மரை சேரவில்லை, பூட்டு வழுக்குகிறது என்பதெல்லாம் வீட்டுக்கு வந்த பிறகு ஒவ்வொன்றாகத் தெரியவரும். நான் இந்த விவரங்களை அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தேடிச் சேர்க்க மிகவும் சிரமப்பட்டேன். புதிதாக வாங்குகிறவர்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்பதால் வரிசையாக எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எவ்வளவு நீளம் என்பது இரண்டாவது கேள்வி. நுனியில் எவ்வளவு எடை, அதை எந்தக் கோணத்தில் பிடிக்கப் போகிறீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. இதற்குப் பதில் தெரிந்தால் மற்ற முடிவுகள் தானாக வந்துவிடும்.

1. வாங்கும் முன் அளவெடுங்கள்

உயரத்தைக் கண்ணால் மதிப்பிட்டால் தப்பாகத்தான் வரும். மேலிருந்து ஒரு கயிற்றில் சின்ன எடையைக் கட்டி இறக்கி அளக்க முடிந்தால் அதுவே நல்லது. முடியாவிட்டால் வெயில் நேரத்தில் ஒரு மீட்டர் குச்சியை நேராக நிறுத்தி அதன் நிழலை அளந்துகொள்ளுங்கள். குச்சியின் நிழல் 80 செ.மீ., சுவரின் நிழல் 4 மீட்டர் என்றால் சுவரின் உயரம் 5 மீட்டர். தரை சமமாக இருக்க வேண்டும், இரண்டு நிழலையும் ஒரே நேரத்தில் அளக்க வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்து கோணம். கம்பைச் செங்குத்தாகப் பிடித்து வேலை செய்ய முடியாது. உதிர்வது எல்லாம் தலையில் விழும், நுனியில் என்ன நடக்கிறது என்றும் தெரியாது. தரையிலிருந்து சுமார் 60 டிகிரி சாய்வு பெரும்பாலான வேலைகளுக்கு வசதியானது. கணக்கு இப்படி: எட்ட வேண்டிய உயரத்திலிருந்து உங்கள் கீழ்க்கை நிற்கும் உயரத்தைக் கழித்து, வருவதை 0.87 ஆல் வகுங்கள். கீழ்க்கை இடுப்பளவில், அதாவது தரையிலிருந்து சுமார் ஒரு மீட்டரில் இருக்கும். 5 மீட்டர் உயரத்தை எட்ட வேண்டுமென்றால் 4 மீட்டரை 0.87 ஆல் வகுக்க 4.6 மீட்டர் வருகிறது. இதில் நுனிக் கருவியின் நீளத்தையும் கழித்துக்கொள்ளலாம். கருவி 30 செ.மீ. என்றால் 4.3 மீட்டர் கம்பு போதும்.

இந்தச் சாய்வில் நிற்க, சுவரிலிருந்து சுமார் 2.3 மீட்டர் தள்ளி இடம் வேண்டும். வீட்டைச் சுற்றி ஒரு மீட்டர் சந்துதான் இருக்கிறது என்றால் கம்பு கிட்டத்தட்ட செங்குத்தாகிவிடும். அந்த இடத்துக்குக் கழுத்து வளைந்த கருவி, அதாவது கோணத்தை மாற்றிப் பூட்டக்கூடிய தலை தேவைப்படும். அதையும் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. விளம்பரத்தில் ‘எட்டும் உயரம்’ என்று போட்டிருப்பது பல நேரங்களில் கம்பின் நீளத்தோடு, பிடித்து நிற்கும் ஆளின் உயரத்தையும் சேர்த்த கணக்கு. முழுதாக நீட்டிய நீளம் எவ்வளவு, சுருக்கிய நீளம் எவ்வளவு என்று இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். சுருக்கிய நீளமும் முக்கியம். லிஃப்ட்டுக்குள் நுழையுமா, காரில் போகுமா, வீட்டில் எங்கே வைக்கப்போகிறீர்கள்? இரண்டு துண்டுக் கம்பு உறுதியானது, ஆனால் சுருக்கினாலும் பாதி நீளத்துக்குக் குறையாது. ஐந்தாறு துண்டுக் கம்பு கச்சிதமாகச் சுருங்கும். ஆனால் இணைப்புகள் கூடக்கூட எடையும் ஆட்டமும் கூடும்.

2. நுனியின் எடையைக் கணக்குப் போடுங்கள்

இதை யாரும் சொல்லித் தருவதில்லை, ஆனால் எல்லாமே இதில்தான் இருக்கிறது. 4 மீட்டர் கம்பு, அதன் எடை 1.5 கிலோ, நுனியில் அரைக் கிலோ கருவி என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தமே 2 கிலோதானே என்று தோன்றும். அதைப் படுக்கைவாட்டில் நீட்டிப் பிடியுங்கள்: ஒரு கை அடிமுனையில், இன்னொரு கை 80 செ.மீ. முன்னால். முன்கை மேல்நோக்கித் தாங்க வேண்டிய சுமை சுமார் 6 கிலோ. அதே நேரம் பின்கை 4 கிலோவுக்கு மேல் கீழ்நோக்கி அழுத்திக்கொண்டிருக்கும். அரைக் கிலோ கருவியை ஒரு கிலோவாக்கினால் முன்கையில் இன்னும் இரண்டரைக் கிலோ ஏறும்.

கம்பைத் தூக்கி 60 டிகிரிக்குக் கொண்டுவந்தால் இந்தச் சாய்க்கும் விசை பாதியாகிவிடும். அதனால்தான் உயரமான வேலையைவிட, கிணற்றின் குறுக்காகவோ குளத்தின்மேலோ நீட்டிச் செய்யும் வேலை கையை அதிகம் வாட்டுகிறது. படுக்கைவாட்டு வேலைக்கு என்று வாங்குகிறவர்கள் கணக்கில் வந்த நீளத்துக்கு மேல் ஒரு சாண்கூடப் போக வேண்டாம்.

வளைவு இன்னொரு விஷயம். ஒரே தடிமனுள்ள கம்பின் நீளத்தை இரண்டு மடங்காக்கினால், அதே நுனி எடைக்கு வளைவு எட்டு மடங்காகும். 2 மீட்டரில் ஒரு செ.மீ. தொய்ந்தது 4 மீட்டரில் 8 செ.மீ. தொய்யும். டெலஸ்கோப்பிக் கம்பில் மேலே போகப்போகக் குழாய் மெலிந்துகொண்டே போவதால் உண்மையில் இதைவிடவும் மோசமாக இருக்கும். ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று ரொம்ப நீளமானதை வாங்காதீர்கள் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான். 9 மீட்டர் கம்பை வாங்கி 3 மீட்டர் வேலைக்குப் பயன்படுத்தினால், தேவையில்லாத குழாய்களின் எடையை எப்போதும் சுமந்துகொண்டே இருப்பீர்கள்.

கருவியை எடைபோடும்போது ஈரமாக எடைபோடுங்கள். பெயின்ட் குடித்த ரோலரும் தண்ணீர் குடித்த பஞ்சும், உலர்ந்து அட்டையில் தொங்கும்போது இருந்த எடையில் இருக்காது.

3. எந்தப் பொருளில் செய்தது?

அலுமினியம்: விலை குறைவு, அடிபட்டால் நசுங்குமே தவிரச் சட்டென்று உடையாது. நசுங்கினால் உள்குழாய் நகராது. 3 மீட்டர் வரைக்கும் பெயின்ட், ஒட்டடை, கண்ணாடி வேலைகளுக்கு இதுவே தாராளம். மின்சாரத்தை நன்றாகக் கடத்தும்.

ஃபைபர் கிளாஸ்: அலுமினியத்தைவிட விலை கூடுதல், வளைவும் கூடுதல். சுத்தமாகவும் உலர்ந்தும் இருந்தால் மின்சாரத்தைக் கடத்தாது. ஈரமோ அழுக்கோ படிந்த ஃபைபர் கிளாஸை நம்பவே கூடாது. வெயிலில் கிடந்து கிடந்து மேல்பூச்சு போய்விட்டால் கண்ணாடி இழைகள் வெளியே வந்து கையில் குத்தும்; கண்ணுக்குத் தெரியாது, அரிப்பு மட்டும் இருக்கும்.

கார்பன் ஃபைபர்: எடைக்கு ஏற்ற விறைப்பில் இதை மிஞ்ச இவற்றில் வேறில்லை. 6 மீட்டருக்கு மேல் நாள் முழுக்க வேலை செய்கிறவர்கள் இதற்குத்தான் போவார்கள். அலுமினியத்தோடு ஒப்பிட்டால் விலை பல மடங்கு. கூர்மையான விளிம்பில் அடிபட்டால் நசுங்காது, விரிசல் விடும். இன்னொன்றைத் தடித்த எழுத்தில் எழுதி ஒட்டலாம்: கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். பிளாஸ்டிக் போலக் கறுப்பாக இருக்கிறதே என்று பலர் இதைப் பாதுகாப்பானதென்று நினைத்துக்கொள்கிறார்கள். அது ஆபத்தான நினைப்பு.

ஃபைபர் கிளாஸையும் கார்பனையும் கலந்த கம்புகளும் உண்டு. அவற்றில் கார்பன் எவ்வளவு இருந்தாலும் மின்சாரம் கடத்தும் பட்டியலிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

4. பூட்டைக் கையில் பிடித்துப் பாருங்கள்

கம்பின் ஆயுளைத் தீர்மானிப்பது குழாயைவிடப் பூட்டுதான். மூன்று வகை பரவலாகக் கிடைக்கிறது.

திருகிப் பூட்டுவதில் உள்ளே ஒரு பிளாஸ்டிக் துண்டு விரிந்து குழாய்ச் சுவரை இறுக்கும். விலை மலிவு, எந்த நீளத்திலும் நிறுத்தலாம். ஆனால் நுனியைச் சுழற்ற வேண்டிய வேலையில் இந்தப் பூட்டே கழன்றுகொள்ளும். பொத்தான் பூட்டில் ஸ்பிரிங் வைத்த குமிழ் குழாயின் ஓட்டையில் வந்து உட்காரும். இது வழுக்காது, சுழலாது. கிளை அறுப்பதற்கும் பல்ப் மாற்றுவதற்கும் ஏற்றது. ஓட்டை இருக்கும் நீளங்களில் மட்டுமே நிறுத்த முடியும் என்பதுதான் குறை. வெளியே நெம்புகோல் வைத்த கிளாம்ப் பூட்டு மூன்றாவது. தட்டினால் திறக்கும், மடக்கினால் இறுகும், தளர்ந்தால் அதிலுள்ள சின்னத் திருகை முறுக்கிச் சரிசெய்துகொள்ளலாம். நீளமான கம்புகளில் பெரும்பாலும் இதுதான்.

கடையில் ஒரு சோதனை செய்யுங்கள். கம்பை நீட்டிப் பூட்டி, அடியைத் தரையில் ஊன்றி, மேல்குழாயை உங்கள் எடையில் கொஞ்சம் கொடுத்துக் கீழ்நோக்கி அழுத்துங்கள். விரலைப் பூட்டுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். அப்புறம் அதே குழாயைப் பிடித்து வலமும் இடமும் முறுக்குங்கள். ஒரு மில்லிமீட்டர் வழுக்கினாலும் வேண்டாம். இணையத்தில் வாங்கினால் பார்சல் வந்த அன்றே இதைச் செய்யுங்கள். வாரக்கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று மூலையில் சாத்தி வைத்தால் திருப்பி அனுப்பும் கெடு முடிந்துவிடும்.

குழாய்களில் ‘இதற்கு மேல் இழுக்காதே’ என்று ஒரு கோடோ வளையமோ இருக்கும். அந்தக் கோடு தெரிந்தால் உள்குழாய் போதுமான அளவு உள்ளே இல்லை என்று பொருள். கோடு அழிந்துபோகும், ஆகவே முதல் நாளே அதன்மேல் அழியாத பேனாவால் இன்னொரு கோடு போட்டுவிடுங்கள்.

5. மரை சேருமா?

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். கம்பு ஒரு இடத்தில், ரோலர் இன்னொரு இடத்தில் வாங்குவோம், இரண்டும் சேராது. பெயின்ட் ரோலர், துடைப்பம் போன்றவற்றில் பரவலாக இருப்பது முக்கால் அங்குல விட்டத்தில் அங்குலத்துக்கு 5 சுற்று வரும் பருமரை. ஆனால் எல்லா நாட்டுத் தயாரிப்பும் இதைப் பின்பற்றுவதில்லை. பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும், இரண்டு சுற்று ஏறும், அப்புறம் இறுகி நின்றுவிடும். ஏறியவரை போதும் என்று விடாதீர்கள். நுனி மேலே இருக்கும்போது கழன்று விழும். கேமராவுக்கு உரியது கால் அங்குல மரை, அங்குலத்துக்கு 20 சுற்று. மைக்கில் பெரும்பாலும் எட்டில் மூன்று அங்குலம் அல்லது எட்டில் ஐந்து அங்குலம்.

மரையே இல்லாமல் கூம்பாகச் சீவிய முனையில் கருவியை அழுத்திச் செருகும் முறையும் உண்டு. கண்ணாடி துடைக்கும் கருவிகளில் இதைப் பார்க்கலாம். லேசான கருவிக்கு மட்டும் இது சரி. தங்கள் கம்பில் தங்கள் கருவி மட்டுமே மாட்டும்படி ‘கிளிக்’ வகைப் பூட்டு வைத்திருக்கும் நிறுவனங்களும் இருக்கின்றன. மாட்டவும் கழற்றவும் சுகம், உறுதியும் கூட. ஆனால் அன்றிலிருந்து எல்லாக் கருவியையும் அவர்களிடமே வாங்க வேண்டியிருக்கும். அதற்கும் இணைப்பான் கிடைக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள்.

கடைக்குப் போகும்போது உங்கள் கருவியைக் கையோடு எடுத்துப் போங்கள். இதைவிடச் சுருக்கமான வழி எனக்குத் தெரியவில்லை.

6. செலவும் காகிதங்களும்

கம்பின் விலையை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். தலைக்கருவி, கோண இணைப்பான், மாற்றுக் கிளாம்ப், ரோலர் உறை, ரம்பத்தின் மாற்று அலகு எல்லாம் சேர்ந்து கம்பின் விலையைத் தாண்டுவது சாதாரணம். சுருக்கிய நிலையிலேயே நீளமாக இருக்கும் கம்புக்கு அனுப்பும் கட்டணமும் கூடும். உடைந்து வந்தால் திருப்பி அனுப்புவது யார் செலவு என்றும் வாங்குமுன் படித்துவிடுங்கள். ஒரே ஒரு கிளைக்காக, ஒரே ஒரு பல்புக்காக என்றால் வாடகைக்கு எடுப்பதுதான் நியாயம். அப்படி எடுக்கும்போது பூட்டுச் சோதனையை அங்கேயே செய்து, இருக்கும் கீறல், நசுங்கல்களைப் படமெடுத்துக்கொண்டு வாருங்கள்.

வைத்துக்கொள்ள வேண்டிய காகிதங்கள் மூன்று. ஒன்று ரசீது, வாங்கிய தேதி தெரியும்படி. இரண்டு, உத்தரவாதச் சீட்டு. அதில் ‘தேய்மானப் பாகங்கள் சேராது’ என்று ஒரு வரி இருக்கிறதா என்று தேடுங்கள். பூட்டும் கிளாம்ப்பும் அந்த வரிக்குள் போய்விட்டால் உத்தரவாதம் வெறும் குழாய்க்கு மட்டும்தான். மூன்று, பயன்பாட்டுக் கையேடு. முழுதாக நீட்டியபோது நுனியில் எவ்வளவு எடை தாங்கும் என்பதும் பாகங்களின் எண்களும் அதில் இருக்கும். அட்டைப்பெட்டியோடு அதையும் தூக்கிப் போட்டுவிட்டால் பின்னால் ஒரு கிளாம்ப் வாங்கக்கூட எண் தெரியாமல் திண்டாட வேண்டும். அந்தப் பக்கத்தைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மாற்றுப் பாகங்கள் எவ்வளவு காலம் கிடைக்கும், வரவழைக்க எத்தனை நாளாகும் என்றும் விற்பவரிடம் கேளுங்கள். பதில் சொல்லத் திணறினால் அதுவே பதில்.

அடுக்குமாடியில் பொதுச்சுவரையோ பக்கத்து வீட்டு எல்லைக்குள் விழும் கிளையையோ தொட வேண்டியிருந்தால், சங்கத்திடமோ பக்கத்து வீட்டாரிடமோ முன்னதாக எழுத்தில் சம்மதம் வாங்குவது நல்லது. வேலை அரை மணி நேரம்தான். சச்சரவு வந்தால் அது மாதக்கணக்கில் போகும்.

7. தூக்குமுன் மேலே பாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும்தான் படிக்கப் போகிறீர்கள் என்றால் இதைப் படியுங்கள். நீளமான கம்பால் நேரும் பெரிய விபத்து மின்கம்பியால் வருவது. கம்பு மின்கம்பியைத் தொட வேண்டும் என்றுகூட இல்லை. உயர் அழுத்தக் கம்பியிலிருந்து மின்சாரம் காற்றின் ஊடாகப் பாய்ந்து வரக்கூடியது.

அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்பு விதிகள், மின்வேலைப் பயிற்சி இல்லாதவர்கள் 50,000 வோல்ட் வரையுள்ள கம்பிகளிலிருந்து 10 அடி, அதாவது சுமார் 3 மீட்டர் விலகியிருக்க வேண்டும் என்கின்றன. அழுத்தம் கூடக்கூட இடைவெளியும் கூடும். உங்கள் நாட்டு விதி இதைவிடக் கூடுதலாகச் சொன்னால் அதையே பின்பற்றுங்கள். இந்த 3 மீட்டரை உங்கள் உடம்பிலிருந்து அளக்கக் கூடாது. கம்பின் நுனியிலிருந்து, கருவியின் முனையிலிருந்து, வெட்டினால் சாயப்போகும் கிளையின் முனையிலிருந்து அளக்க வேண்டும். கம்பு கைநழுவிச் சாய்ந்தால் எங்கே விழும் என்றும் பாருங்கள். கம்பியைத் தொட்டோ அதற்குப் பக்கத்திலோ இருக்கும் கிளையை நீங்கள் வெட்டவே வேண்டாம், மின்வாரியத்துக்குச் சொல்லிவிடுங்கள்.

மின்தடத்தில் வேலை செய்கிறவர்கள் ஃபைபர் கிளாஸ் கம்பைத்தானே வைத்திருக்கிறார்கள் என்று கேட்கலாம். அது வேறு பொருள். தயாரிக்கும்போதே அடிக்கு 1,00,000 வோல்ட் என்ற கணக்கில் 5 நிமிடம் சோதிக்கப்படுவது. அமெரிக்க விதிப்படி இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பயன்பாட்டிலிருந்து எடுத்துச் சுத்தம்செய்து மறுபடி பரிசோதிக்கப்படுவது. சோதனைத் தேதி போட்ட சான்று இல்லாத ஃபைபர் கிளாஸ் கம்பு எதுவாக இருந்தாலும், அது மின்சாரம் கடத்தும் என்றே வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள்.

8. நீட்டுவதும் சுருக்குவதும்

உயரமான கம்பை நேராக நிறுத்தி நீட்டும்போது மேலே இருக்கும் மெல்லிய குழாயிலிருந்து தொடங்குங்கள். அடிக்குழாயை முதலில் நீட்டிவிட்டால் மேல்பூட்டுகள் எல்லாம் கைக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விடும். அடிமுனையை ஒரு பாதத்தின் ஓரத்தில் அணைத்துக்கொண்டு, ஒவ்வொரு குழாயாக ஏற்றிப் பூட்டிக்கொண்டே வாருங்கள். மூன்று நான்கு துண்டுகள் மட்டும் உள்ள குட்டைக் கம்பில், முழு நீளம் தேவைப்படாத வேலைக்கு இதைத் தலைகீழாகச் செய்யலாம்: தடித்த குழாயை நீட்டி மெல்லியதை உள்ளேயே வைத்துக்கொண்டால் நுனி ஆடாது.

சுருக்கும்போதுதான் விரல் மாட்டும். பூட்டைத் திறந்த நொடியில் மேல்குழாய் தன் எடையில் சரேலென்று இறங்கும். ஒரு கை பூட்டைத் திறக்கும்போது இன்னொரு கை மேல்குழாயைப் பிடித்திருக்க வேண்டும், இரண்டு குழாய் சேரும் விளிம்பில் விரல் இருக்கவே கூடாது. கனமான கருவியை முதலில் கழற்றிவிட்டுச் சுருக்க முடியுமென்றால் அப்படியே செய்யுங்கள்.

வேலையில் நிற்கும்போது இரண்டு கையும் தோளுக்குக் கீழேயே இருக்கட்டும். கையை உயர்த்தித்தான் எட்ட முடிகிறது என்றால் கம்பின் நீளம் போதவில்லை என்று அர்த்தம், இன்னொரு துண்டை நீட்டுங்கள். நுனியைத் தள்ளக் கையை மட்டும் நம்பாமல் காலை முன்னும் பின்னும் வைத்து உடம்போடு நகருங்கள். கழுத்து சீக்கிரம் பிடித்துக்கொள்ளும் என்பதால் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை கம்பை இறக்கிவிட்டுக் கீழே பாருங்கள். பாதுகாப்புக் கண்ணாடியும் தலைக்கவசமும் எந்த வேலைக்கும் வேண்டும். மேலே பார்த்துக்கொண்டே இருப்பதால் உதிரும் தூசு நேராகக் கண்ணுக்குத்தான் வரும். ஏணியில் ஏறி நின்று நீளமான கம்பைப் பிடிக்காதீர்கள். இரண்டில் ஒன்றுதான்.

நேரம்: காற்று குறைவாக இருக்கும் அதிகாலை நல்லது. இலைகள் விடாமல் ஆடிக்கொண்டிருந்தால் 5 மீட்டருக்கு மேல் நீட்ட வேண்டாம். இடி கேட்டால் உடனே இறக்கிவிட்டு உள்ளே போய்விடுங்கள்.

9. வேலைக்கு வேலை கவனிக்க வேண்டியவை

பல்ப் மாற்றுவது. முதலில் மின்சாரத்தை நிறுத்துங்கள், பல்ப் ஆறட்டும். உறிஞ்சு கிண்ணம் வைத்த தலை, முகம் தட்டையான வழவழப்பான பல்புக்கு. விரல்கள் போன்ற ஸ்பிரிங் பிடி, உருண்டை பல்புக்கு. இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. திருகு பல்பைக் கழற்றக் கம்பை இடஞ்சுழியாகச் சுற்றுவீர்கள். தலைக்கருவியை மரையால் கம்பில் மாட்டியிருந்தால், அந்த மரையும் அதே திசையில்தான் கழலும். பல்ப் இறுக்கமாகவும் மரை தளர்வாகவும் இருந்தால் பல்ப் அசையாது. கம்பு மட்டும் கழன்று வரும், தலைக்கருவி பல்போடு மேலேயே தொங்கும். ஆகவே தலையை நன்றாக முறுக்கி, மரைக்குக் குறுக்கே ஆணி போடும் வசதி இருந்தால் போட்டுவிடுங்கள். கம்பும் திருகுப் பூட்டாக இருந்தால் இந்த வேலைக்கு அது உதவாது. ஊசி வைத்த பல்பை அழுத்திக்கொண்டே திருப்ப வேண்டியிருப்பதால், உறிஞ்சு கிண்ணத்தைவிட விறைப்பான பிடியும் நேர்க்கீழே நின்று தள்ளுவதும்தான் வழி. கம்பைச் செங்குத்தாகப் பிடிப்பதைத் தவிர்க்க முடியாத வேலை இது. ஆகவே பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். உடைந்த பல்பைக் கம்பால் முயல வேண்டாம்.

கிளை வெட்டுவது. கயிறு இழுத்தால் வெட்டும் கத்தரித் தலை சுமார் 3 செ.மீ. தடிமன் வரைக்கும் போகும், அதற்கு மேல் ரம்பம். கம்பில் மாட்டும் ரம்பம் இழுக்கும்போது அறுக்கும்படி பல் அமைந்தது; தள்ளும்போது அழுத்தினால் கம்புதான் வளையும். ரம்பத்தின் எடையையே அழுத்தமாக விட்டு, நீளமாக இழுங்கள். கனத்த கிளையை ஒரே வெட்டில் முடித்தால் பாதியில் ஒடிந்து, தண்டுப் பட்டையையும் உரித்துக்கொண்டு வரும். தண்டிலிருந்து ஒரு முழம் தள்ளி அடிப்பக்கம் கொஞ்சம் அறுத்து, அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுத்துக் கிளையை விழவையுங்கள். மிச்சக் கட்டையை, தண்டோடு சேரும் இடத்தில் புடைத்திருக்கும் வளையத்துக்கு வெளியே அறுத்தெடுங்கள். நீளமான கிளையை நுனியிலிருந்து துண்டு துண்டாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். கிளைக்கு நேர்க்கீழே ஒருபோதும் நிற்காதீர்கள். விழுந்த கிளை தரையில் பட்டுத் துள்ளும், அதற்கும் இடம் விடுங்கள். சிக்கிக்கொண்ட கிளையை இழுக்க ரம்பத்தலையில் தொரட்டி போல ஒரு கொக்கி இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். ரம்பத்தால் இழுத்தால் அலகு வளைந்துவிடும்.

பெயின்ட். சாதாரண அறைக்கு 1.2 முதல் 2.4 மீட்டர் வரை நீளும் கம்பு போதும். குனியாமல் தரையோரத்தையும், ஏறாமல் கூரையையும் தொடலாம்.

கண்ணாடி. வெயில் நேரடியாக அடிக்கும்போது சோப்புத் தண்ணீர் துடைப்பதற்குள் காய்ந்து திட்டுத் திட்டாகிவிடும்; நிழல் விழும் நேரத்தைப் பாருங்கள். கம்பின் வழியே தண்ணீர் ஏறி பிரஷ்ஷில் வரும் முறையில், உப்பு நீக்கிய தண்ணீரைப் பயன்படுத்தினால் துடைக்காமல் விட்டாலே கறையின்றிக் காயும். சாதாரணக் குழாய்த் தண்ணீரை விட்டால் காய்ந்த பிறகு வெள்ளைப் புள்ளிகள் மிஞ்சும்.

கேமராவை மேலே அனுப்பிக் கூரையையோ கூரையோர மழைநீர்க் கால்வாயையோ பார்ப்பவர்கள் மரையை மட்டும் நம்பாமல் மெல்லிய கயிறு ஒன்றால் கேமராவைக் கம்போடு கட்டிவிடுங்கள்.

10. கழுவி, காயவைத்து, பிறகு உள்ளே

வேலை முடிந்ததும் அப்படியே சுருக்கி வைப்பதுதான் கம்பைக் கெடுக்கிறது. ஒட்டியிருக்கும் மணலும் மரத்தூளும் பூட்டுக்குள் போய்க் குழாயை உள்ளிருந்து கீறும். முழுதாக நீட்டி, துண்டு துண்டாகக் கழற்ற முடிந்தால் கழற்றி, நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, நிழலில் காயவைத்துவிட்டுச் சுருக்குங்கள். கடல்நீரோ குளோரின் தண்ணீரோ பட்ட அலுமினியக் கம்பை அன்றே கழுவியாக வேண்டும். தள்ளிப்போட்டால் வெள்ளைப் பொடி பூத்துக் குழாய்கள் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும்.

இறுக்கமாக இருக்கிறதே என்று எண்ணெய் விடாதீர்கள். திருகுப் பூட்டும் கிளாம்ப்பும் உராய்வால்தான் பிடிக்கின்றன. எண்ணெய் பட்டால் வழுக்கும், தூசையும் இழுத்து ஒட்டவைக்கும். இறுக்கத்துக்குக் காரணம் பெரும்பாலும் அழுக்குதான், கழுவினால் போய்விடும்.

வைக்கும்போது கிளாம்ப்புகளைத் தளர்த்திவிட்டு, படுக்கவைத்தோ இரண்டு ஆணிகளில் தாங்கியோ வெயில் படாத இடத்தில் வையுங்கள். சுவரில் சாய்த்து வைத்தால் காலப்போக்கில் வளைவு விழும். அடுத்த வேலைக்கு எடுக்கும்போது கையுறை போட்டு, ஒவ்வொரு குழாயையும் துணியால் நீளவாக்கில் துடைத்துப் பாருங்கள். துணி எங்கே நூல் பிடிக்கிறதோ அங்கே இழை பிரிந்திருக்கிறது. ஃபைபர் கிளாஸில் மேற்பரப்பு மட்டும் உரிந்திருந்தால் லேசாகத் தேய்த்துத் தெளிவான வார்னிஷ் பூசிக்கொள்ளலாம். கார்பன் கம்பில் விரிசல் தெரிந்தால் அந்தத் துண்டை மாற்ற வேண்டியதுதான், டேப் சுற்றி ஓட்டாதீர்கள். கையேட்டில் படமெடுத்து வைத்த பாக எண்ணைச் சொன்னால் பெரும்பாலும் அந்த ஒரு துண்டு மட்டும் தனியாகக் கிடைக்கும்.